டென்மார்க்கின் அஸ்ட்ராலிஸ் அணி: ஒரு கணினி விளையாட்டுக் குழுவின் எழுச்சியும் தளர்ச்சியும்

வெற்றிக்கு அணித்தாய் வந்து நின்றும் அதனைக் கைநழுவ விடுவோரைப் பற்றி உலகம் இருவகையாகப் பேசும். கைத்திறன் போதாது என்பது ஒன்று. நெஞ்சுரம் இல்லை என்பது மற்றொன்று. முன்னதைப் பயிற்சியால் நிரப்பலாம் என்பதை எவரும் ஒப்புவர். பின்னதோ பிறவியிலேயே வாய்க்க வேண்டியது, கற்பித்து வருவதன்று என்பதே பெரும்பாலோர் துணிபு. இத்துணிபைச் சோதித்துப் பார்ப்பதற்கு அண்மைக் காலத்திலே கிடைத்த சான்றுகளுள் ஒன்று, டென்மார்க்கு நாட்டு அஸ்ட்ராலிஸ் என்னும் அணியின் வரலாறு. கணினித் திரையிற் சுடுகலன் ஏந்திப் பொருதும் விளையாட்டைத் தொழிலாகக் கொண்ட ஐவர் குழு அது. இறுதிக் கட்டத்தில் நடுங்கி வீழ்பவர் என்று ஒரு காலத்தில் எள்ளப்பட்ட இக்குழுவினர், 2017 ஆம் ஆண்டுக்கும் 2019 ஆம் ஆண்டுக்கும் இடையில் தம் விளையாட்டின் மிக உயர்ந்த போட்டியை நான்கு முறை வென்றனர். பின்னர் மூன்று ஆண்டுகளுக்குள் அக்குழு சிதறிப் போயிற்று. எழுந்தது எவ்வாறு, சிதறியது எதனால் என்பன ஆராயத்தக்கன.

அவர்கள் ஆடிய விளையாட்டின் பெயர் கவுண்டர் ஸ்ட்ரைக் என்பது. கனடாவில் வாழ்ந்த மின் லீ என்பவரும் அமெரிக்கரான ஜெஸ் கிளிஃப் என்பவரும் மாணவப் பருவத்தில், ஹாஃப் லைஃப் என்னும் வேறொரு விளையாட்டைத் திருத்தி 1999 ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினர். மறு ஆண்டில் வால்வ் என்னும் அமெரிக்க நிறுவனம் இதன் உரிமையைப் பெற்று விற்பனைக்கு விட்டது. 2012 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்த இதன் புதிய பதிப்பே அஸ்ட்ராலிஸ் அணியின் களம். 2013 முதலாக வால்வ் நிறுவனத்தின் ஆதரவோடு நடைபெறும் பெருந்தொடர்கள் ‘மேஜர்’ எனப்படும். டென்னிஸ் ஆட்டத்துக்கு விம்பிள்டன் எத்தகையதோ, இவ்விளையாட்டுக்கு மேஜர் அத்தகையது.

விதிகளைச் சிறிது அறிந்தாலன்றி வரலாறு விளங்காது. ஐவர் ஐவராக இரு அணிகள் எதிர்நிற்கும். ஓர் அணி தாக்கும், மற்றது காக்கும். களத்திலே குறிக்கப்பட்ட இரண்டு இடங்களுள் ஒன்றிற் குண்டை வைத்து வெடிக்கச் செய்வது தாக்குவோர் கடன். அதனைத் தடுப்பது, அல்லது வைத்தபின் அகற்றுவது காப்போர் கடன். ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டு நிமிடம். திட்டமாகச் சொன்னால் 1 நிமிடம் 55 விநாடி. குண்டு வைக்கப்பட்டுவிட்டால் 40 விநாடியில் வெடிக்கும். சுடப்பட்டவர் அச்சுற்று முடியும்வரை வெறும் பார்வையாளரே. அன்று பதினைந்து சுற்றுக்களின் பின் அணிகள் பக்கம் மாறின. முப்பது சுற்றுக்களில் முதலிற் பதினாறை எட்டிய அணி அக்களத்தை வென்றதாகும் என்பது அஸ்ட்ராலிஸ் ஓங்கியிருந்த காலத்து விதி. பெரும் போட்டிகளில் மூன்று களங்களில் இரண்டை வெல்ல வேண்டும்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது விரல் விரைவைச் சோதிக்கும் விளையாட்டாகவே முடிந்திருக்கும். ஆனால் இதற்குள் ஒரு பொருளியலும் உண்டு. ஒவ்வொருவரும் 800 டொலர் கற்பனைப் பணத்தோடு தொடங்குவர்; ஆயுதங்களை அப்பணத்தால் வாங்குவர். தாக்குவோர் வாங்கும் ஏகே 47 துப்பாக்கிக்கு 2,700 டொலர். தொலைவிலிருந்து ஒரே குண்டால் வீழ்த்தவல்ல பெருந்துப்பாக்கிக்கு 4,750 டொலர். சுற்றை வென்றவருக்குப் பணம் மிகும். தோற்றவருக்கு 1,400 டொலர் கிட்டும். அடுத்தடுத்துத் தோற்றால் அத்தொகை 3,400 வரை ஏறும். ஆதலின் ஒரு சுற்றிற் கைப்பொருள் முழுவதையும் இறைப்பதா, அன்றி வெறுங்கையோடு தோற்று அடுத்த சுற்றுக்குச் சேமிப்பதா என்பதை ஐவரும் ஒருமித்துத் தீர்மானித்தல் வேண்டும். நால்வர் சேமிக்க ஒருவர் செலவழித்தாற் கேடு ஐவருக்குமே. குடும்பம் நடத்துவோருக்கு இக்கணக்கு புதிதன்று.

துப்பாக்கியைத் தவிர எறிகுண்டுகளும் உண்டு. புகைக்குண்டு 18 விநாடி பார்வையை மறைக்கும். ஒளிக்குண்டு எதிரியின் கண்ணைக் கூசச் செய்யும். தீக்குண்டு ஒரு வழியைச் சில விநாடி அடைத்துவிடும். இவற்றின் விலை சில நூறு டொலரே. மலிவான இப்பொருள்களைக் கொண்டே அஸ்ட்ராலிஸ் அணி தன் பெருமையைக் கட்டியெழுப்பியது என்பது பின்னர்ப் புலப்படும்.

சுடுதலும் வீழ்த்துதலுமே பொருளாயுள்ள ஒன்றைக் கல்விச்சாலைப் பக்கங்களில் ஆராய்வது தகுமோ என்று ஐயுறுவார் இருத்தல் கூடும். சதுரங்கமும் யானையும் குதிரையும் காலாளும் கொண்ட போர் விளையாட்டே என்பதை அவர்கள் நினைதல் நன்று. எனினும் இரண்டும் முற்றும் ஒன்றல்ல. சதுரங்கத்தில் வெட்டுண்ட காய்க்கு முகமில்லை, இங்கே உண்டு. அவ்வையம் நியாயமானதே. ஆயினும் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் அவ்விளையாட்டை ஆடிய மனிதரின் வரலாறேயாகும்.

அஸ்ட்ராலிஸ் என்னும் பெயர் தோன்றுமுன்னரே அதன் மூலவர்கள் சேர்ந்து ஆடிவந்தனர். இவ்விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு புனைபெயரால் அறியப்படுவர். நிக்கொலாய் ரீட்ஸ் என்பார் ‘டிவைஸ்’. பீற்றர் ரஸ்முசன் ‘டுப்ரீ’. அந்திரேயாஸ் ஹொய்ஸ்லெத் ‘சிப்நிக்ஸ்’. ஃபின் அண்டர்சன் ‘கரிகன்’. ரெனே போர்க் ‘கேஜன்பி’. டென்மார்க்கரான இவர்களுட் சிலர் 2013 இற் கொப்பன்ஹேகன் வுல்வ்ஸ் என்னும் பெயரின் கீழும், 2014 இல் டிக்னிற்றாஸ் என்னும் பெயரின் கீழும், 2015 இன் தொடக்கத்திலிருந்து ரீம் சோலோமிட் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கீழும் ஆடினர். அணி ஒன்றே, மேலாடை மட்டும் ஆண்டுக்கொன்றாக மாறியது. தொழின்முறை மின்விளையாட்டில் இது வியப்பன்று. ஆட்டக்காரரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, அவர் சட்டையில் விளம்பரம் பொறித்து வருவாய் தேடுவன இந்நிறுவனங்கள்.

2015 ஆம் ஆண்டின் இறுதியில் ஐவரும் அந்நிறுவனத்தை விட்டு விலகினர். சிறிது காலம் அவர்கள் பெயரின்றியே ஆடினர். போட்டிப் பட்டியலில் அவர்கள் அணிக்கு நேரே ஒரு கேள்விக்குறி மட்டும் இடப்பட்டிருந்தது. 2016 ஜனவரியில் அஸ்ட்ராலிஸ் என்னும் அணி அறிவிக்கப்பட்டது. விண்மீன்களுக்குரியது என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். முதலீட்டாளரின் துணையோடு தொடங்கிய அவ்வமைப்பில் ஆட்டக்காரரும் பங்காளராயினர். கூலிக்கு ஆடுவோர் தமக்கெனத் தாமே ஒரு நிறுவனம் காண்பது அன்று பெரிதும் புதுமை. அதன் சுமையும் புதிது. இதுவரை தோல்விக்கு நிருவாகத்தையோ சூழலையோ நொந்துகொள்ள இடமிருந்தது, இனி அவ்விடமில்லை.

தோல்விகளும் வரத் தவறவில்லை. முந்திய பெயர்களோடு ஆடிய காலத்திலேயே இவ்வணி சிறு தொடர்களில் வாகை சூடுவதும், மேஜர் வந்ததும் காலிறுதியிலோ அரையிறுதியிலோ வீழ்வதுமாக இருந்தது. 2016 ஏப்பிரலில் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் நடந்த மேஜரில், அரையிறுதியில் உக்கிரேனின் நற்றுஸ் வின்செரே அணியிடம் தோற்றது. யூலையில் ஜேர்மனியின் கொலோன் நகரில், காலிறுதியில் போலந்தின் வேர்ச்சுஸ் புரோ அணியிடம் தோற்றது. பார்வையாளர் தயவு காட்டவில்லை. ‘மூச்சுத் திணறுவோர்’ என்னும் கருத்துடைய ஆங்கிலப் பட்டம் இவர்கள்மீது நிலைத்துவிட்டது. முன்னணியில் இருக்கும்போது சிறந்தும், எதிரி நெருங்கியதும் தயங்கியும் ஆடும் அணி என்பது அதன் பொருள்.

அவ்வாண்டில் அணி இருவகை மாற்றங்களைச் செய்தது. ஒன்று ஆள் மாற்றம். மே மாதத்தில் போர்க் நீங்கி, இருபது வயதும் நிரம்பாத மார்க்குஸ் கியர்பை வந்தார். ஒக்டோபரில் அணித்தலைவரான அண்டர்சனை அகற்றி, ‘கிளேவ்’ எனப்படும் லூக்காஸ் ரொஸாண்டரைக் கொணர்ந்தனர். அணித்தலைவர் என்பார் ஆட்டத்தின் நடுவே செவிப்பொறி வழியாக ஏனைய நால்வருக்கும் கட்டளை இடுபவர், கப்பற்றலைவரை ஒப்பவர். பல ஆண்டு உடனிருந்த தலைவரை நீக்கியது கடுமையான செயலே. அண்டர்சனின் ஆற்றல் அதனாற் பழுதுபட்டதெனக் கொள்ளற்க. 2022 மே மாதத்தில் அன்ற்வேர்ப் நகரில் ஃபேஸ் என்னும் பன்னாட்டு அணிக்குத் தலைமை தாங்கி அவரும் ஒரு மேஜரை வென்றார். ஆறு ஆண்டு காத்திருந்து பெற்ற வெற்றி அது.

மற்றொன்று, பயிற்சி முறையில் வந்த மாற்றம். முன்னாள் ஆட்டக்காரரான டானி சோரென்சன், ‘சோனிக்’ என்பார், அணியின் பயிற்றுநராக அமர்ந்தார். பின்லாந்து நாட்டவரான மியா ஸ்டெல்பேர்க் என்னும் விளையாட்டு உளவியலாளர் அணியோடு பணியாற்ற அழைக்கப்பட்டார். இளைஞர் இரவு முழுதும் விழித்துத் திரைமுன் இருப்பதே பயிற்சி என்று கொண்டிருந்த ஒரு தொழிலில், உறக்கம், உணவு, உடற்பயிற்சி என்பனவற்றையும் ஆட்டத்தின் பகுதியாகக் கொள்ள வேண்டும் என்னும் நெறி இவ்வணியில் வேரூன்றியது. பிழை நேர்ந்தபின் ஒருவரோடொருவர் எவ்வாறு பேசுவது என்பதும் பயிலப்படும் பொருளாயிற்று. இது சிறிய காரியமன்று. ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் இடையே உள்ள இடைவெளி சில விநாடிகளே. அதற்குள் ‘உன்னால் தோற்றோம்’ என்று ஒருவர் சினந்தால், அடுத்த சுற்றும் அங்கேயே தோற்றதாகும்.

இதே காலத்தில் வால்வ் நிறுவனம் விதித்த புதிய கட்டுப்பாடு ஒன்றும் இங்கே நினைக்கத்தக்கது. 2016 ஓகஸ்ட் முதல், ஆட்டம் நடக்கும்போது பயிற்றுநர் அணியோடு பேசுதல் தடுக்கப்பட்டது. ஒரு களத்துக்கு நான்கு முறை, முறைக்கு முப்பது விநாடியாக விடப்பட்ட இடைவேளைகளில் அவர் பேச இடமிருந்தது. பயிற்றுநரின் வாயை நம்பியிருந்த அணிகள் இதனால் தடுமாறின. அஸ்ட்ராலிஸ் அணிக்கோ, சொல்ல வேண்டியவை யாவும் போட்டிக்கு முன்னரே ஆட்டக்காரரின் பழக்கத்திற் படிந்திருக்க வேண்டும் என்னும் நெறி வலுப்பெற்றது. தேர்வு மண்டபத்துக்குள் ஆசிரியர் வருவதில்லை என்பதைப் போன்றது இது.

அதன் பயன் 2017 ஜனவரியிற் காணப்பட்டது. அமெரிக்காவின் அற்லான்ரா நகரில், ஃபொக்ஸ் அரங்கில் நடந்த மேஜரின் இறுதியாட்டத்தில், ஆறு மாதத்துக்கு முன் தம்மை வீழ்த்திய வேர்ச்சுஸ் புரோ அணியையே அவர்கள் மீண்டும் எதிர்கொண்டனர். நியூக் என்னும் முதற்களத்தில் 12க்கு 16 எனத் தோல்வி. ஓவர்பாஸ் என்னும் இரண்டாங் களத்தில் 16க்கு 14 என வெற்றி. ட்ரெயின் என்னும் மூன்றாங் களத்திலும் 16க்கு 14. கூட்டிப் பார்த்தால் இரு அணிகளும் தனித்தனி 44 சுற்றுக்களை வென்றிருந்தன. கைத்திறனால் அன்று இருவருக்கும் வேறுபாடு இருக்கவில்லை என்றே சொல்லலாம். கடைசி இரண்டு மூன்று சுற்றுக்கள் யாருடையவாயின என்பதே வேறுபாடு. எந்த இடத்தில் இவர்கள் வழக்கமாக நடுங்குவர் என்று உலகம் சொல்லிற்றோ, அந்த இடத்தில் இருமுறை நிலைத்து நின்றனர். பத்து இலட்சம் டொலர்ப் பரிசுத் தொகையில் 5 இலட்சம் அவர்களுக்குக் கிடைத்தது. கியர்பை சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவு செய்யப்பட்டார்.

2017 இன் எஞ்சிய பகுதி சிறப்பாக அமையவில்லை. அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2018 பெப்ரவரியிற் கியர்பை அணியை விட்டு நீங்கி, டென்மார்க்கின் மற்றோர் அணியான நோர்த் என்பதிற் சேர்ந்தார். அவரிடத்துக்கு ‘மகிஸ்க்’ எனப்படும் எமில் ரைஃப் வந்தார். இழப்பாகத் தோன்றிய இம்மாற்றத்தின் பின்னரே அணியின் பொற்காலம் தொடங்கியது. ரீட்ஸ், ரஸ்முசன், ஹொய்ஸ்லெத், ரொஸாண்டர், ரைஃப் என்னும் ஐவரே வரலாற்றில் அஸ்ட்ராலிஸ் என்றதும் நினைவுக்கு வருவோர்.

இவர்கள் ஆட்டத்தின் தனியியல்பு எறிகுண்டுகளைக் கையாண்ட முறையில் இருந்தது. ஏனையோர் அவற்றைத் துப்பாக்கிக்குத் துணையாகக் கொண்டனர். இவர்களோ துப்பாக்கியை எறிகுண்டுக்குத் துணையாக்கினர் எனினும் பொருந்தும். நியூக் என்னும் களத்தை எடுத்துக்கொள்வோம். அணுமின் நிலையமொன்றின் வடிவில் அமைந்தது அது. குண்டு வைக்கும் இடங்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக, மேற்றளத்திலும் கீழ்த்தளத்திலும் உள்ளன. வெளியே திறந்த முற்றம். அம்முற்றத்தைக் கடந்து மறுகோடியை அடைந்தால் கீழ்த்தளத்துக்கு வழி உண்டு. ஆனாற் கடப்பவரைக் காப்போர் தொலைவிலிருந்தே சுட்டுவிடலாம். மூன்று புகைக்குண்டுகள் உரிய மூன்று இடங்களில் விழுந்தால் முற்றத்தின் குறுக்கே ஒரு புகைச்சுவர் எழும்; அதன் மறைவிற் கடக்கலாம். அவை விழ வேண்டிய இடத்தில் விழுவதற்கு, எறிபவர் குறித்த ஒரு மூலையில் நின்று, குறித்த ஒரு கூரையின் விளிம்பை நோக்கி, குறித்த வகையில் எறிதல் வேண்டும். சாண் அளவு பிழைத்தாற் சுவரில் ஓட்டை விழும்.

எறிவது மட்டுமன்று, எறியும் கணமும் கணக்கே. ஒளிக்குண்டு வெடிக்கும் நொடியிற் தோழர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, எதிரி மட்டும் பார்வையிழக்க, மறு நொடியிற் தோழர் உள்ளே புகவேண்டும். எறிந்தவர் ஒருவர், புகுந்தவர் மற்றொருவர், வீழ்த்திய புகழ் புகுந்தவருக்கே. இவ்வகையில் எறிவோர் பலர் பார்வையாளரின் கணக்கில் மறைந்துபோவர். ஒருவர் வீழ்ந்தால், வீழ்த்தியவன் மறைவதற்குள் அடுத்திருப்பவர் அவனை வீழ்த்துவதும் இவர்களிடம் ஒழுங்காக நிகழ்ந்தது. ஆகவே இவர்களோடு பொருதுவோர் ஐந்து தனி மனிதரை அன்றி, எங்குச் சென்றாலும் இருவரையே எதிர்கொண்டனர். நியூக் களத்தில் அரங்கப் போட்டிகளில் இவர்கள் தொடர்ந்து 31 முறை வென்றனர். அத்தொடரை 2019 இல் அமெரிக்காவின் லிக்விட் அணி முறித்தது.

ஹொய்ஸ்லெத் என்பாரைப் பற்றித் தனியே ஒரு சொல் கூறல் வேண்டும். தோழர் நால்வரும் வீழ்ந்தபின், எதிரே இருவரோ மூவரோ நிற்கத் தாம் ஒருவரே எஞ்சி நின்று சுற்றை வெல்லுவதில் அவர் பேர்போனவர். விரைவினால் அன்று, விரையாமையினாலே அவர் வென்றார். எதிரிகளின் அவசரத்தையும், எஞ்சிய விநாடிகளையும், அவர்கள் வரக்கூடிய வழிகளையும் எண்ணிக் காத்திருப்பார். நெஞ்சுரம் அற்றது என்று இகழப்பட்ட அணியில் இத்தகைய ஒருவர் முதலிலிருந்தே இருந்தார் என்பது நோக்கத்தக்கது. குறை தனியொருவரின் நெஞ்சில் இருக்கவில்லை. ஐவர் ஒருங்கே எண்ணும் முறையில் இருந்தது போலும்.

2018 செப்டெம்பரில் இலண்டன் மேஜரின் இறுதியில் நற்றுஸ் வின்செரே அணியை இரண்டுக்குப் பூச்சியம் என வென்றனர். குறிப்பிட்ட பத்துப் பெருந்தொடர்களில் நான்கை வெல்லும் அணிக்கு 10 இலட்சம் டொலர் தனிப் பரிசு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. மார்செய், டலஸ், சிக்காகோ என்னும் மூன்று நகரங்களில் வென்ற அஸ்ட்ராலிஸ் அணி, நான்காவதை அவ்வாண்டு டிசெம்பரில் ஓடென்ஸ நகரில், தம் சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில் வென்றது. 2019 மார்ச்சில் போலந்தின் கற்றோவிற்சே மேஜரில் பின்லாந்தின் என்சி அணியை 16க்கு 4, 16க்கு 11 எனவும், செப்டெம்பரில் பேர்லின் மேஜரில் கசக்கஸ்தானின் அவங்கார் அணியை 16க்கு 6, 16க்கு 5 எனவும் தோற்கடித்தது. மேஜரை நான்கு முறை வென்ற அணி அதற்குமுன் இருந்ததில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்றை வென்ற அணியும் இருந்ததில்லை.

இந்நான்கு மேஜர்களிலும் சிறந்த ஆட்டக்காரர் எனத் தெரிவு செய்யப்பட்டவர் யாவர் எனப் பார்த்தால், அற்லான்ராவிற் கியர்பை, இலண்டனில் ரீட்ஸ், கற்றோவிற்சேயில் ரைஃப், பேர்லினில் ரொஸாண்டர். நான்கு வெற்றிக்கு நான்கு வெவ்வேறு மனிதர். அவருள்ளும் ரொஸாண்டர் அணித்தலைவர். கட்டளையிடும் சுமையாலே தம் சுடுதிறன் குன்றுவது தலைவர்க்கு இயல்பு என்பர். தனியொரு மேதையின் தோளில் நின்ற அணி இதுவன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெற்றியோடு பணமும், பணத்தோடு சிக்கலும் வந்தன. அணியை நிருவகித்த நிறுவனமே பிளாஸ்ற் என்னும் போட்டித் தொடரையும் நடத்திவந்தது. ஆடுபவனும் ஆடரங்கை நடத்துபவனும் ஒரே வீட்டார் ஆகலாமோ என்னும் வினா எழுந்தது. 2019 இன் முற்பகுதியில் அணி வேறு சில பெருந்தொடர்களைத் தவிர்த்து அத்தொடருக்கே சென்றமை அவ்வினாவுக்கு வலுவூட்டியது. முறையான வினாவே அது. அவ்வாண்டிலேயே அணியும் போட்டி நிறுவனமும் வேறாகப் பிரிக்கப்பட்டன. டிசெம்பரில் அணியின் நிறுவனம் ஒரு பங்கு 8.95 டேனிஷ் குரோனர் விலையிற் கொப்பன்ஹேகன் பங்குச் சந்தையின் சிறு நிறுவனப் பிரிவிற் பட்டியலிடப்பட்டது. நான்கு ஆண்டுக்கு முன் பெயரில்லாது கேள்விக்குறியோடு ஆடியவர்களின் பெயரைப் பொதுமக்கள் விலைகொடுத்து வாங்கினர்.

ஐவரின் உடலும் உள்ளமும் அதே வேகத்தில் ஓடிவர இயலவில்லை. ஆண்டில் நூற்றுக்கணக்கான நாள்கள் வீட்டை விட்டு விமானத்திலும் விடுதியிலும் கழிப்பது இவர்கள் தொழில். 2020 இன் தொடக்கத்திற் கொள்ளைநோய் பரவ, பயணங்கள் நின்றன. ரியோ நகரில் நடக்கவிருந்த மேஜர் முதலிற் பின்போடப்பட்டுப் பின் கைவிடப்பட்டது. போட்டிகள் மட்டும் இணையவழியே இடையறாது தொடர்ந்தன. அவ்வாண்டு மே மாதத்தில் ரொஸாண்டர், மன அழுத்தமும் சோர்வும் காரணமாக மருத்துவ விடுப்பிற் செல்வதாக அறிவித்தார். சின்னாட்களில் ஹொய்ஸ்லெத்தும் அதே காரணத்தால் ஒதுங்கினார். கட்டளையிட்டவரும், யாவரும் வீழ்ந்தபின் அமைதியாய் நின்றவரும் ஒருசேர ஓய்ந்தனர். உளத்தைப் பேணும் கலையை இத்துறைக்குள் முன்னின்று புகுத்திய அணிக்கே இது நேர்ந்தது என்பது பலரைத் திடுக்கிடச் செய்தது. ஆனாற் கூர்ந்து நோக்குவார்க்கு இதில் முரண்பாடு இல்லை. ஒரு சுற்றில், ஓர் இறுதியாட்டத்தில் அஞ்சாது நிற்பதற்கு அவர்கள் பயின்றனர். ஓய்வின்றி ஆண்டுக்கணக்கில் நிற்பதற்குரிய பயிற்சி எதுவும் இல்லை. ஓய்வு ஒன்றே அதற்கு மருந்து. ஒரு தளபதி நோயுற்றுப் படுக்கையிற் கிடப்பதை எவரும் கோழைமை என்னார். இவர்கள் விடுப்பை வெளிப்படையாகக் காரணங் கூறி எடுத்தமையும், நிருவாகம் அதனை ஏற்றமையும் அவர்கள் பெற்ற கோப்பைகளுக்குக் குறைந்த செய்திகள் அல்ல.

அவ்வாண்டின் பிற்பகுதியில் இருவரும் மீண்டனர். அணியும் இணையவழிப் போட்டிகளில் மீண்டும் வென்றது. எனினும் பிணைப்புத் தளர்ந்துவிட்டது. 2021 ஏப்பிரலில் ரீட்ஸ், சுவீடனின் புகழ்வாய்ந்த நிஞ்சாஸ் இன் பைஜாமாஸ் அணிக்குச் சென்றார். 2022 ஜனவரியில் ரஸ்முசன், ரைஃப், பயிற்றுநர் சோரென்சன் ஆகிய மூவரும் பிரான்சின் விற்றாலிற்றி அணியிற் சேர்ந்தனர். ஐவரிற் ரொஸாண்டரும் ஹொய்ஸ்லெத்துமே எஞ்சினர். சுவீடனிலும் உடல்நலக் குறைவால் நெடுநாள் ஆடாதிருந்த ரீட்ஸ் 2022 இன் பிற்பகுதியிற் பழைய அணிக்கே திரும்பி வந்தார். அவர் வந்தபோது ஐந்து ஆண்டுக்கு முன்னைய ஒழுங்கு அங்கே இருக்கவில்லை. அவ்வாண்டு ரியோவில் நடந்த மேஜருக்கு அஸ்ட்ராலிஸ் அணி தகுதி பெறவேயில்லை. 2016 முதல் நடந்த எந்த மேஜரிலும் இடம்பெறத் தவறாத பெயர் அன்று முதன்முறையாகப் பட்டியலில் இல்லாதாயிற்று.

2023 மே மாதம் பாரிஸ் நகரில் நடந்த மேஜரே அப்பழைய பதிப்பில் நடந்த கடைசி மேஜர். அவ்வாண்டு செப்டெம்பரில் விளையாட்டின் அடுத்த பதிப்பு வெளிவந்தது. பாரிசில் வென்றது விற்றாலிற்றி. வெற்றிமேடையில் ரைஃப் தம் நான்காவது மேஜர்க் கோப்பையையும், ரஸ்முசன் தம் ஐந்தாவது கோப்பையையும் ஏந்தினர். ஆட்டக்காரர் வேறெவரும் அதற்குமுன் ஐந்தைப் பெற்றதில்லை. அவர்கள் அருகே, நான்கு முறை அஸ்ட்ராலிஸ் சட்டையுடன் நின்ற பயிற்றுநர் சோரென்சன், இம்முறை விற்றாலிற்றியின் மஞ்சளுங் கறுப்புமான சட்டையுடன் நின்றார்.